சி பதினான்கு

கெயோன் துறைமுகத்தில் மூன்றாம் நாளாக மழை.
சிப்பிக் கூட்டுறவின் ஒரே ஹீட்டர்
என் காலைச் சுடுகிறது, விரல்களை விட்டுவிடுகிறது.
பயிற்சி வீடியோவில் ஒருவன்
சாந்தியாகோ அவசரத்தோடு சொல்கிறான்:
நீங்கள் நம்புவதை நீலத்தில் எழுதுங்கள்,
அதிலிருந்து விளைவதைக் கறுப்பில்.
கலக்காதீர்கள்.

முதல் வாரமே கலந்தேன்.
டீசல் விலையைச் சூத்திரத்துக்குள் புதைத்துவிட்டு
புதைத்த இடம் மறந்து
ஒரு ஞாயிறு முழுக்கத் தோண்டினேன்.
அடுத்த வாரம்
வட்டி கடனைக் கேட்டது, கடன் வட்டியைக் கேட்டது,
எக்செல் தன் வாலைத் தானே துரத்தியது.
பிறகு ஒரு நள்ளிரவில்
ஐந்து ஆண்டுகளும் நண்டுபோல்
பக்கவாட்டில் நடக்கத் தொடங்கின:
கயிற்றுக்கு எத்தனை கிலோ,
கிலோவுக்கு எத்தனை பெசோ,
புதுப் படகு வாங்கினால்,
வாங்காவிட்டால்.

ஒரு கட்டம் மட்டும் காலி.
செம்பாசி வந்து அறுவடை நிற்கும் நாட்கள், ஆண்டுக்கு.
எலியாசர் பத்து என்றான்.
அவன் மச்சான் எழுபது என்றான்.
மீன்வளத் துறைக்காரி தொலைபேசியில் சிரித்தாள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடலாம்,
சரி,
கடல் தராமல் வைத்துக்கொள்வதை
எந்தப் படியால் அளப்பது?
நாற்பத்தொன்று என்று தட்டினேன்.
நாற்பது என்றால்
ஊகம் என்று தெரிந்துவிடும்.

கூட்டத்தன்று சுவரெல்லாம் எண்கள்.
நான்காம் ஆண்டில் படகு தன் விலையைத்
திருப்பித் தந்துவிடும் என்றேன்.
யாரோ கைதட்டினார்கள்.
முக்குளிக்கும் ஓரியெத்தா,
ரப்பர் உடுப்பு இடுப்புவரை உரிந்து தொங்க,
தலை சொட்டச் சொட்டக் கேட்டாள்:
"இதில் கடல் எங்கே?"

சி பதினான்கு.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான்.

"தொண்ணூறு போடு."

போட்டேன். ஐந்து ஆண்டுகளும்
அடிவரை சிவந்தன.
கைதட்டியவர் காபி எடுக்கப் போனார்.
அறுபது போடு, இல்லை ஐம்பது போடு,
மீன் ஏலம்போல் கூவினார்கள்.
ஐம்பத்திரண்டில் லாபம்.
ஐம்பத்துமூன்றில் நஷ்டம்.
அதற்குமேல் யாரும் கூவவில்லை.
கூரையில் மழை மட்டும்
தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

படகை ஒத்திவைத்தார்கள்.
நாற்காலிகளை அடுக்கும்போது ஓரியெத்தா கேட்டாள்,
"முதலில் இருந்ததே, நாற்பத்தொன்று,
அது யார் கணக்கு?"

பதில் சொல்லத் திரையைப் பார்த்தேன்.
அந்தக் கட்டத்தை
கறுப்பில் எழுதியிருந்தேன்.