சுவர் மெல்லியது என்பான் அவன்

செவ்வாய் என் தம்பியின் முறை,
வியாழன் என்னுடையது.
தம்பி என்பது ஒரு பேச்சுக்கு.
பதினோரு நிமிடம் பிந்திப் பிறந்தவன்,
காது கேட்கப் பிறந்தவன்.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது,
இரண்டு பிள்ளைகளும் உளவளத்துணைக்குப் போவது நல்லது என்று.
அம்மா அதைக் கவிழ்த்து வைத்து
அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள்.
அவள் உதட்டில் நான் பிடித்தது ஒரே ஒரு சொல்: விசர்.
நிவேதன் எனக்குக் கையால் சொன்னது:
"தூரமாம், பஸ் இல்லையாம்."

இது டோர்ட்முண்ட்.
வீட்டு வாசலில் ட்ராம்.

அந்த அறையைப் பற்றி எங்களுக்குள்
இன்னும் தீராத வழக்கு.
சுவர் மெல்லியது என்பான் அவன்.
பக்கத்து அறையில் ஒருவர் தும்மினாலும் கேட்குமாம்,
அப்படியென்றால்
இங்கே அழுவது அங்கே கேட்காதா?
எனக்குச் சுவரோடு சண்டையில்லை.
கதவோடுதான்.
நடுவே நீளமாக ஒரு கண்ணாடிக் கீற்று.
நடைவழியில் போகிற யாரும்
நின்று என் கைகளை வாசித்துவிட்டுப் போகலாம்.

ஃபிராவ் ஹோல்ட்காம்ப் நல்லவள்தான்.
கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளாம்,
அந்த மௌனம் தாங்காமல்
எதையாவது சொல்லித் தொலைக்கிறேன் என்கிறான்.
எனக்கு அவள் மௌனம் வேறு மாதிரி.
குறிப்பெழுதக் குனிகிறாளே, அது.
என் கை பாதி வாக்கியத்தில் நிற்கும்,
மறந்துபோன குடை மாதிரி.

நான் போனால் அறையில் மூன்று பேர்.
மொழிபெயர்க்க வரும் லுட்கர்
என் தோழி ஸ்வென்யாவின் பல் வைத்தியருக்கும் போனவர்,
கிறிஸ்மஸ் சந்தையில் எங்கள் கூட்டத்தோடு நின்று
வாஃபிள் தின்பவர்.
ஒன்றும் வெளியே விடமாட்டார், தெரியும்.
தெரிந்தும்
என் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் முதலில் அவரிடம்தான் போகிறது.
"அவருக்கு என்ன குரல்?" என்று கேட்டேன் நிவேதனிடம்.
"கரகரப்பு. சிகரெட் குடிக்கிற குரல்."
ஆக, எனக்கு முதல்முதலாக வயிறு நொந்த நாள்
ஹோல்ட்காம்பின் காதுக்கு
ஒரு கிழட்டுப் புகைகாரன் குரலில் போய்ச் சேர்ந்திருக்கிறது.
அன்றைக்கு ட்ராமில் சிரித்துச் சிரித்து
எனக்கு விக்கல் எடுத்தது.

பிறகு ஒரு வியாழன் லுட்கருக்குக் காய்ச்சல்.
அவள் தாளில் எழுதிக் காட்டினாள்:
உன் தம்பியைக் கூப்பிடலாமா?
வேண்டாம் என்று எழுதினேன்.
பேனா தாளைக் கிழித்தது.
அவள் கிழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
குறிப்பெழுதவில்லை.

அடுத்த செவ்வாய்
அவனைக் கூட்டிப்போக முன்னமே வந்துவிட்டேன்.
நடைவழியில் ஒரு நாற்காலி, எதிரே அந்தக் கீற்று.
உள்ளே அவன் பேசிக்கொண்டிருந்தான்
வாயால்.
கூடவே கையாலும்.
அவனுக்குத் தெரியவில்லை.
பதினாறு வருஷப் பழக்கம்,
நான் இல்லாத அறையிலும்
எனக்காக அசைகிற கைகள்.

"நான் அவளுடைய காது இல்லை.
அம்மா அப்பாவை ஏசுவாள்,
நான் பஸ் என்பேன், சோறு என்பேன், மழை என்பேன்.
ஒரு நாளைக்கு எனக்கும் கேட்காமல்"

எழுந்தேன்.
கதவில் முதுகைச் சாய்த்து
கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றேன்.
மரத்தின் வழியாக அவன் குரல்
என் தோள்பட்டையில் ஏறியது.
அதில் சொல் ஒன்றும் இல்லை.
வெறும் நடுக்கம்,
நிற்கும், திரும்பத் தொடங்கும்.
யாரோ ஒரு பெண் வந்து உதட்டை அசைத்தாள்,
வழி விடச் சொன்னாளோ என்னவோ.
காதைத் தொட்டுத் தலையாட்டினேன்.
அசையவில்லை.

கதவு திறந்தபோது விழப் பார்த்தேன்.
அவன் கண் சிவந்திருந்தது.
"இங்கே நின்று என்ன செய்கிறாய்?"
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
கையைத் தூக்கினேன்:
"பஸ் இல்லையாம்."

அவன் என்னையே பார்த்தான்.
பிறகு கண்ணாடியைப் பார்த்தான்,
அதில் என் முதுகின் ஈரம்
இன்னும் காயவில்லை.