தடைக்காலத்தில் படித்தவை

விசைப்படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கின்றன.
தொண்டி ஐஸ் கம்பெனியில் எனக்கு
நாளைக்கு நாலு ரசீது வேலை.
நாட்டுப்படகுக்காரர் வந்து பாதிப் பார் கேட்பார்,
அதற்கும் பாக்கி சொல்வார்.
மீதி நேரம் மேசைக்கடியில்
கிளை நூலகத்துப் புத்தகம்.

சரித்திர நாவல், இரண்டு பாகம்.
கப்பல் நம்ம ஊரிலிருந்துதான் கிளம்புகிறது.
ஆனி மாதம், வாடைக்காற்றில் பாய் புடைக்கிறதாம்.
ஆனியில் வாடை!
அந்த இடத்திலேயே மூடி வைத்தேன்.
இளவரசி என்ன ஆனாளோ என்ற நமைச்சலில்
சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தேன்.
நாடு விட்டுப் போகிறவள்
தன் நகைகளை எண்ணித் திருப்பி வாங்குகிறாள்,
ஒரு மோதிரம் குறைகிறது, கேட்கிறாள்.
அந்த ஒரு பக்கத்துக்காக
கச்சானை வாடை என்றவரை மன்னிக்கலாம்.
ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
'கேட்டாளே!'

துப்பறியும் கதையில்
நாற்பதாம் பக்கமே கொலைகாரன் தெரிந்துவிட்டான்.
என் கெட்டிக்காரத்தனம் இல்லை.
அதே பென்சில் ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டு
'இவன்தான்' என்றிருந்தது.
அன்று முழுக்க அந்தக் கையைத் திட்டினேன்.
கடைசியில் பார்த்தால் அவனில்லை.
இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில், சின்னதாக,
'அட'.

வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகம்
விடிகாலை நாலு மணிக்கு எழச் சொல்கிறது.
இந்தக் கரையில் இரண்டு மணிக்கே எழுகிறார்கள்.
பென்சில் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
முப்பதாம் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம்,
அதற்கப்புறம் தாள் புதுசு.

சமையல் புத்தகம்:
சுறாப்புட்டுக்கு ஒரு கரண்டி சர்க்கரை.
வேறு பேச்சில்லை.

கவிதைத் தொகுப்பு ஒன்று.
கடல் பதினேழு இடத்தில் தாயாக வருகிறது.
எண்ணினேன், கணக்குக்காரி புத்தி.
ஆனால் ஒன்று, நாலே வரி:
தராசுத் தட்டில் ஒட்டிக்கொண்ட செதில்
எடைக்குள் வந்தும் விற்காமல் போனதைப் பற்றி.
அன்று சாயங்காலம் எங்கள் தராசைக்
கழுவாமல் விட்டுப் போனேன்.
முதலாளி கேட்டதற்குத் தண்ணீர் வரவில்லை என்றேன்.

கடைசியாக அந்தப் பனிநாட்டு மொழிபெயர்ப்பு.
அறுநூறு பக்கம்.
ஒருவன் வீடு தேடி நடக்கிறான்,
நடந்துகொண்டே இருக்கிறான்.
மே மாத வெக்கையில்
உடைந்த பாரின் மேல் சாக்கு விரித்து
காலை வைத்துக்கொண்டு படித்தேன்.
இவ்வளவு ஐஸும் இவனுக்குச் சும்மா கிடக்கிறதே,
இங்கே பார் விலை என்ன என்று ஓடியது மனசு.
அடுத்த வரியில் அவன் சுண்டுவிரல்
கையுறையோடு கழன்று வந்தது.
காலை எடுத்துக் கீழே வைத்தேன்.

நூற்றுப்பன்னிரண்டில் பென்சில் சொல்கிறது:
'திரும்பிப் போயேன்டா.'
அதோடு சரி.
ஐந்நூறு பக்கம் வெள்ளையாக,
அவனுக்கும் துணையில்லை, எனக்கும் இல்லை.

நாகூர்கனி சாரிடம் போய்க் கேட்டேன்,
இதற்கு முன்னால் எடுத்தது யார்?
பதிவேட்டை மூடிக்கொண்டார்.
"புத்தகத்தில் கிறுக்குகிற ஆளையா தேடுகிறாய்?
நானும்தான் தேடுகிறேன்.
தெரிந்தால் சொல், அபராதம் இருக்கிறது."
ஏதோ கறையாக இருக்கும் சார் என்றேன்.
தவணையை நீட்டித்து வாங்கிக்கொண்டேன்.

நாளை நள்ளிரவு தடை முடிகிறது.
இன்றே படகுக்கு முப்பது, நாற்பது பார் கேட்பார்கள்.
காலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன்
நூற்றுப்பதின்மூன்றில் எழுதினேன்:
'நானூறாம் பக்கத்தில் ஒரு நாய் வருகிறது.
அதுவரைக்குமாவது வாங்க.'

கம்பெனிக்கு வந்து உட்கார்ந்தேன்.
அந்தோணிப்பிச்சை படகுக்கு முப்பத்தைந்து பார்,
ரசீது போடு என்றார்கள்.
பென்சிலைத் தேடுகிறேன்,
காதுமேல் இல்லை, மேசையில் இல்லை.