அரை டின் பெயின்ட்

சுதந்திர தினத்துக்கு முதல் கிழமை
நகரசபை எனக்கொரு டின் கறுப்புப் பெயின்ட் தரும்.
பூங்காப் பீரங்கிக்கு அரை டின்.
மீதி, கக்கூஸ் கதவுக்கு.

அடிக்குமுன் அதன் வாய்க்குள் கை விட வேண்டும்.
தோள்வரை போகும்.
டொபி உறை, சுரண்டிய லொத்தர் சீட்டு,
ஏதோ பிள்ளையின் இடது சப்பாத்து.
போன தடவை குளவிக்கூடு,
மூன்று நாள் இடக்கையால் சாப்பிட்டேன்.

பக்கத்துக் கல்லில் மூன்று மொழி:
எங்கே வார்த்தது, எத்தனை இறாத்தல் குண்டு,
எந்தத் துரை கொண்டுவந்தது.
தமிழில் மட்டும் அது 'பிரங்கி'.
சுழியை நானே தூரிகையால் வைத்தேன்,
மழை கழுவிக்கொண்டு போனது.

யார் இழுத்தது என்று எந்த மொழியிலும் இல்லை.
மாடு படுத்துவிட்ட வளைவில்
ஆளைப் பூட்டினார்களாம்.
கச்சேரிப் பரணில் பழைய கணக்குக் கொப்பி ஒன்றை
ஹேரத் ஓவசியர் பார்த்திருக்கிறார்:
மாடு இரண்டு, நட்டம் அறுபது ரூபாய்.
கூலி நாலு,
நேரே ஒரு கோடு.

ஏற்றிய பிறகு அது யாரையும் சுடவில்லை.
சுட வேண்டியவர்கள் முன்பே அடங்கிப்போயிருந்தார்கள்.
ராணி பிறந்தநாளுக்கு ஒரு வெற்று வெடி;
துரையின் குதிரை மிரண்டு வாவிக்குள் பாய்ந்தது.
அவ்வளவுதான் அதன் யுத்தம்.

ஒரே ஒரு தடவை அதை நிறைத்தார்கள்.
கடைத்தெரு எரிந்த ஆடி மாதம்.
தையல்கடைச் சிலம்பாயி ஓடுமுன்
பிறப்புச் சான்று, பிரஜாவுரிமைத் துண்டு, மகளின் தோடு
எல்லாம் ஒரு பால்மா டின்னில் அடைத்து
இருட்டில் உள்ளே தள்ளினாள்.

பெற்றோல் கலனோடு வந்தவர்கள்
அதன்மேல் குந்தியிருந்து சிகரட் பிடித்தார்களாம்.
திறந்த வாய் திறந்தபடியே.
ஒரு சொல் வெளியே வரவில்லை.

பத்தாம் நாள் வந்தவளுக்குக் கை எட்டவில்லை.
டின் அடிவரை சரிந்திருந்தது.
குடைக்கம்பியை வளைத்துக் கொளுவி எடுத்தது
ஹேரத். அப்போது அவரும் என்னைப்போல வெறும் லேபர்.
இதைச் சொல்லும்போது அவர்
பீரங்கியைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார்.

இந்த வருஷம் புது உத்தரவு:
பொடியன்கள் உள்ளே பட்டாசு கொளுத்துகிறார்களாம்,
சீமெந்தால் வாயை அடை.
அடைத்தேன்.
சீமெந்து ஒரு பிடி, மணல் ஒரு சட்டி,
மேலே கறுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு.
சேர்மன் தடவிப் பார்த்து நல்லது என்றார்.

கைமுட்டியால் ஒரு தட்டு போதும்,
விழுந்துவிடும்.