அறுபது முறை நலம்

க்லக்ஸ்விக் துறைமுகம். மீன் பதனிடும் கூடத்தின் மேல்மாடி.
செவ்வாய்தோறும் மாலை ஏழு மணிக்கு
ஒன்பது பேருக்கு நான் ஷெல் சொல்லிக்கொடுக்கிறேன்.
எங்கள் மொழியில் ஸ்கெல் என்றால் சிப்பி.
முதல் நாளே எல்லோரும் சிரித்து முடித்தார்கள்,
பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அடைப்புக்குறியும் எண்ணும் புணரக் கூடாது,
நடுவே இடைவெளி வேண்டும்.
மதிப்பைக் கொடுக்கும் சமக்குறிக்கோ
இரண்டு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும்.
ஏன் என்றாள் மார்யுன்.
கூடத்தில் கணக்கு எழுதுபவள்,
காரணம் இல்லாத செலவைப் பேரேட்டில் ஏற்றாதவள்.
அப்படித்தான் என்றேன்.
அதையும் குறித்துக்கொண்டாள்: அப்படித்தான்.

நான்காம் வாரம் இரட்டை அடைப்பைக் காட்டினேன்.
ஒற்றையைவிடத் தாராளம் அது,
மேற்கோள்குறியை மறந்தாலும் மன்னித்துவிடும்.
என் மடிக்கணினியில் ஓடியது.
என் மடிக்கணினியில் எப்போதும் எல்லாம் ஓடும்.

பாருர் அதை எடுத்துப் போனார்.
சால்மன் கூண்டுகளுக்குத் தீனி வீசும் மிதவையில் அவருக்கு வேலை.
அங்கே உப்பேறிய விசிறியோடு ஒரு சின்னப் பெட்டி,
பத்து நிமிடத்துக்கொரு தரம்
நீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும்.
ஆறுக்குக் கீழே போனால் மணியடி,
இல்லையென்றால் நலம் என்று எழுது.
ஏழே வரி.
முதல் வரியில் ஹாஷ், வியப்புக்குறி,
முடிவில் எஸ்ஹெச்.
அப்படிப் போடச் சொன்னதும் நான்தான்.

என் கணினியில் எஸ்ஹெச் என்று கூப்பிட்டால்
பேஷ் வந்து நிற்கும்.
பெட்டியில் அதே பெயருக்கு டேஷ் வந்தது.
மெலிந்த உடம்பு, வேகமான கால்,
இரட்டை அடைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

புரியாத சொல் காதில் விழுந்தால்
யாரும் என்ன என்று கேட்பார்கள்.
டேஷும் கேட்டது,
எவரும் திறக்காத ஓர் அஞ்சல்பெட்டிக்குள்.
கேட்டுவிட்டு,
ஆம் என்று வராததெல்லாம் இல்லைதான் என்று
இல்லையென்றால் பக்கம் திரும்பி
எழுதியது: நலம்.

இரவு பத்து மணி, ஏழு புள்ளி இரண்டு, நலம்.
ஒன்றரை, ஐந்து புள்ளி ஒன்பது, நலம்.
மூன்று மணி, நான்கு, நலம்.
நலம்.
நலம்.
கடிதம் எழுதுகிறவர்கள்கூட
நலமறிய ஆவல் என்று பாதியை மறுபக்கம் விடுவார்கள்.

காலை எட்டு மணிக்கு நீர்மேல் வெள்ளை வயிறுகள்.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் பாருர் வந்தார்.
அச்செடுத்த தாளை மேசையில் விரித்து
ஓரங்களில் நான்கு கோப்பைகளை வைத்தார்.
அறுபது வரி.
"எந்த எழுத்தை நான் தப்பாக அடித்தேன்?"
ஒன்றும் இல்லை என்றேன்.
எங்கே ஓடப்போகிறது என்று
நான்தான் கேட்காமல் விட்டேன்.

எல்லாப் பெட்டியிலும் பேஷைப் போட்டுவிட்டால் என்றாள் மார்யுன்.
மிதவை முப்பத்திரண்டு இருக்கிறது,
நம்மிடம் சாவி இரண்டுக்குத்தான் என்றார் பாருர்.
தெற்குத் தீவின் சுன்வா கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"எங்கள் ஊரில் நாங்கள் என்பதற்கு வேறு சொல்.
இங்கே உங்கள் சொல்லைப் போட்டுப் பேசுகிறேன்.
கோபம் வந்தால்தான் அது மறந்துபோகும்."

பலகையில் ஆளுக்கொரு பக்கமாக
ஓர் அடைப்பை அழித்தேன்.
மேற்கோள்குறி இட்டேன்.
இது எங்கும் ஓடும் என்று சொல்ல வாயெடுத்து,
நான் பார்த்த இடங்களில் ஓடும் என்று மாற்றினேன்.

பாருர் எழுந்து வந்து சாக்கட்டியை வாங்கினார்.
"பக்கங்களை மாற்றி வைப்போம்.
ஆறும் அதற்கு மேலும் என்று தெரிந்தால் மட்டும் நலம்.
மற்ற எதற்கும் அடிக்கட்டும்.
புரியவில்லை என்றாலும் அடிக்கட்டும்."
நான்கு வாரமாக என் கையில் இருந்த பாடத்தில்
அது இல்லை.

வியாழன் விடியற்காலை மூன்று மணிக்கு
என் தொலைபேசி அலறியது.
"மணி அடித்தது, ஓடிப் போனேன்.
கம்பி கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். மீன் நன்றாக இருக்கிறது."
அந்தக் குரலில்
அத்தனை சந்தோஷம்.