ஏழாவதில் கிளம்பிவிட்டோம்

எல்லோரும் புல்லைத்தான் சொல்கிறார்கள்.
இருட்டுப் படிகள் ஏறித் தலை நீட்டியதும்
அப்படியொரு பச்சை, அப்படியொரு பச்சை என்று.
எனக்குப் புல் நினைவில் இல்லை.
முன்வரிசைக்காரரின் பிடரி நினைவிருக்கிறது:
வெயிலில் சிவந்து, மடிப்பு மடிப்பாக,
ஒரு மடிப்பில் சிக்கிய வேர்க்கடலைத் தோல்.
ஒன்பது இன்னிங்ஸும்
அது விழுமா விழாதா என்றே பார்த்திருந்தேன்.

ஒன்பது இல்லை. ஏழு.

அறுபத்தொன்பது ஆகஸ்ட். டெட்ராய்ட்.
ஃபவுண்டரி மேஸ்திரி யாருக்கோ வாங்கிய டிக்கெட்,
யாரோ வராததால் அப்பாவிடம் வந்தது.
போலந்திலிருந்து கப்பலேறி வந்து பதினோரு வருடம்;
ஆட்டமெல்லாம் எனக்கு அத்துப்படி என்றார்.
கடலை விற்பவன் பக்கத்தில் வந்தபோது
குரலைத் தாழ்த்தி,
உடைந்த ஆங்கிலத்தில் அவனிடம் கேட்டார்:
"அந்த ஆள் அடிக்கவே இல்லையே,
எதற்கு நடந்து போகிறான்?"
எங்கள் இருவருக்கும் முதல் ஆட்டம்.
அவருக்கும்தான்.

ஏழாவதில் இரண்டுக்கு ஒன்று, நம்மவர்கள் பின்தங்கி.
இரண்டு பேஸில் ஆள் நிற்க,
அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
மாலை ஷிஃப்ட்.
தம்பி ஸெனெக் நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டான்.
விரல் விரலாகப் பிரித்தெடுத்துத்
தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.
முதுகுக்குப் பின்னால் முப்பதாயிரம் பேர்
ஒரே மூச்சாக எதற்கோ எழுந்தார்கள்.
எதற்கென்று தெரியாது.

காரில் அழுகை நிற்கவில்லை.
அப்போதுதான் அவர் ஆரம்பித்தார், போலிஷ் மொழியில்,
வானொலிக்காரனின் குரலில்:
இதோ வருகிறான் கேட்சர், அந்தக் குண்டன்,
மட்டையை ஓங்குகிறான், அடடா, அடடா,
பந்து மேலே போகிறது, இன்னும் மேலே,
இறங்க மறந்துவிட்டது பார்!
ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையும் உயர,
பச்சை விளக்கு விழுந்ததும் தெரியாமல்
பின்னால் ஹார்ன், ஹார்ன்.
சுவர் தாண்டி, தெரு தாண்டி,
பேக்கரிக் கண்ணாடி உடைந்தது. ஜெயித்தோம்.
ஸெனெக் தூங்கிப்போனான், வாயைத் திறந்தபடி.

எங்கள் காரில் ரேடியோ இருந்த இடத்தில்
ஒரு சதுர ஓட்டை.
நான் சூயிங்கம் காகிதம் திணித்து வைக்கும் ஓட்டை.
அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை.

போன குளிர்காலம், வேறெதற்கோ போன நூலகத்தில்,
பழைய செய்தித்தாள் படச்சுருளைச் சுழற்றும்போது
அந்தத் தேதி வந்து நின்றது.
இரண்டுக்கு ஒன்று. தோல்வி.
கேட்சர்: நாலு முறை ஆடி, பூஜ்யம்.
ஏழாவதில் எல்லோரும் எழுந்தது
ஒரு கேட்சுக்கு, எதிரணியின் கேட்சுக்கு.
சுருளைப் பழையபடி சுற்றி வைத்துவிட்டு வந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல அப்பாவும் இல்லை.

இன்று புது மைதானம். ஸெனெக்கின் பேத்தி வெஸ்னாவுக்கு
இது முதல் ஆட்டம்;
அவளோ நாச்சோவின் சீஸை நக்கிக்கொண்டு
ராட்டினம் எங்கே என்கிறாள்.
அவன் விடுவதாயில்லை.
"இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன், கண்ணு.
அப்படியொரு பச்சை.
அந்தக் குண்டன் அடிச்ச அடி!
ஹலினா, நீயும் பார்த்தியே, சொல்லு."

எனக்கு அறுபத்தாறு. நாக்கில் கடலை உப்பு.
முன்வரிசையில் வேறொரு பிடரி, மடிப்பே இல்லாமல்.

"பேக்கரிக் கண்ணாடி உடைஞ்சுதே" என்றேன்.

வெஸ்னா முதன்முறையாகத் தலை நிமிர்த்தினாள்.
"அப்போ உள்ளே இருந்த ரொட்டி?"

அவன் என்னைப் பார்த்தான்.
அப்பா அவனுக்கு அது வரைக்கும் சொல்லியிருக்கவில்லை.

"திராட்சை ரொட்டி" என்றேன். "நாற்பது இருக்கும்.
கண்ணாடித் தூள் விழுந்துட்டதால
ஒண்ணையும் விற்க முடியல.
கடைக்காரர் வாசலுக்கு வந்து கத்தினார் பாரு,
என்ன கத்துனாருன்னா..."

கீழே யாரோ எதையோ அடித்தார்கள்.
நாங்கள் மூவரும் பார்க்கவில்லை.