பத்து கிலோவுக்குக் கீழே

வாளையாறு செக்போஸ்டுக்கு
முக்கால் கிலோமீட்டர் இப்பால்
என் எடைமேடை.
அறுபது டன் வரை சொல்லும்.
பத்து கிலோவுக்குக் கீழே எதை வைத்தாலும்
பூஜ்யம்தான்.
பழுதில்லை. அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள்.

இருபத்தொரு வருடமாக
தவிடு, தக்காளி, செங்கல், எருமை,
ஒருமுறை திருச்சூர் போகிற வெண்கல மணி,
எல்லாவற்றுக்கும் சீட்டுக் கிழித்திருக்கிறேன்.
ஆடிக்காற்று பிடுங்கிய சீட்டுகளின் பின்னால்
ரோட்டில் ஓடியுமிருக்கிறேன்.

குத்தூஸ் புதுநகரத்து ராவுத்தர்.
வீட்டில் தமிழ்,
லோடு இறக்கும் இடத்தில் மலையாளம்,
டயர் வெடித்தால் மட்டும் இந்தி.
நோன்பு மாதத்தில்
வெயில் சாயும் நேரம் வண்டியை ஓரங்கட்டி
ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து
மேடைக்கு நட்டநடுவில் வைப்பான்.
"எடை போடு."
திரையில் பூஜ்யம்.
"பாரு, காசு வேண்டாம்னு
உன் மிஷினே சொல்லுது."

கஞ்சியின் சூடு ஆறுமுன்
நான் குடித்துவிடுவேன்.
பாங்கு சத்தத்துக்காக
மலைப்பக்கம் காதை வைத்து உட்கார்ந்திருப்பான்
பகலெல்லாம் பசித்திருந்தவன்.
இதில் இருந்த கூச்சம்
எனக்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் வந்தது.

கூண்டுக்குள் மருதமலை முருகன் படம்.
காலையில் ஊதுபத்தி.
நான் கேட்டதெல்லாம்
மேடை காட்டுகிற கனத்தில்தான்:
மகளுக்கு நர்சிங் சீட்,
தம்பியின் கோர்ட் கேஸ்,
மதுக்கரையில் மூன்று சென்ட்.
சிலது நடந்தது. சிலதுக்குச் சண்டை போட்டேன்.
அவன் என்ன கேட்பான் என்று
ஒருநாள் விசாரித்தேன்.
"கேக்கிறதுக்குள்ள தூக்கம் வந்துருதுடா."

பிறகு அந்த வாரம்.
நகரத்தில் கடைகள் அடைத்திருந்தன.
யார் யாரை என்ன செய்தார்கள் என்று
ஆளுக்கொரு கதை, ஒவ்வொரு போனிலும்.
போலீஸ் வண்டி வண்டியாக நிறுத்திப்
பேர் கேட்டுக்கொண்டிருந்தது.
குத்தூஸின் தக்காளி
தார்ப்பாய்க்குக் கீழே அழுகிக்கொண்டிருந்தது.
எஸ்.ஐ. என் கூண்டின் ஜன்னலில் முழங்கையை ஊன்றினார்.
"இந்த ஆளைத் தெரியுமா?"

பத்தடியில் நின்றான்.
நான் அவனைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தேன்.
"வண்டி நம்பர் தெரியும் சார்.
ஆளைத் தெரியாது."

நான்கு மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள்.
போகும்போது எப்போதும்போல
இரண்டு தரம் ஹாரன் அடித்தான்.
அது கேட்டிருக்க வேண்டாம் எனக்கு.

அடுத்த மாதம் நோன்பு.
தூக்குவாளி வந்தது.
பூஜ்யம் என்றது மிஷின்.
நானும் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப்பின் முருகனிடம்
கேட்க வாய் வரவில்லை.
ஊதுபத்தி மட்டும் ஏற்றினேன்.
இதைப் பக்தி என்பார்களா தெரியாது.
இரவு ஷிப்டில் டீ வாங்கப் பணமில்லாத கிளீனர் பையன்களுக்கு
வாங்கிக்கொடுத்து
நோட்டில் எழுதாமல் விடப் பழகினேன்.
முதலில் கை நடுங்கியது, கணக்குப் பிள்ளையின் கை.

போன தையில் குத்தூஸுக்குச் சர்க்கரை முற்றிக்
கால்விரல் இரண்டு போயின.
வண்டியை மச்சான் ஓட்டுகிறான்.
பார்க்கப் போனேன்.
பதினோரு வருடம் வாயில் வைத்திருந்ததை
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன்.
ஃபேனைப் பார்த்தபடி கேட்டான்.
கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் சரிசெய்தான்.

"நம்பர் சரியாச் சொன்னியா?"

சொன்னேன். கே.எல். ஒன்பதில் தொடங்கி
கடைசி எண் வரைக்கும்.

"பின்னே என்ன.
ஹாஜரா, இவனுக்கு முருங்கைக்காய் பறிச்சுக் கொடு.
நிறையக் கொடு, கணக்குப் பாக்கிற ஆளு."

சேலைத் துணியில் கட்டிய கட்டை
பாலக்காட்டில் பஸ் மாறி
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கஞ்சிக்கோடு தாண்டுகையில்
தொடை மரத்துப்போயிருந்தது.