ஐந்தாம் பெட்டி

ஜனவரிக் கடைசியில் கல்லூரி ஒரு தாள் அனுப்பியது.
முதல் பெட்டியில் கட்டணம்: முப்பத்தோராயிரம் டாலர்.
ஐந்தாம் பெட்டியில் உதவித்தொகை: நாற்பத்தாறாயிரம்.
இடையில் இருந்த பெட்டிகள் எல்லாம் காலி,
கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் விடுதியைப் போல.

அப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.
விடியற்காலை நாலரை. ஹான்காக் மேட்டில்
கவுண்டியின் பனிவாரி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.
"அப்படியானால் பதினைந்தாயிரம் மிச்சம், கைசா.
எங்கே அது?"

தின்றுவிட்டேன், அப்பா.
மிச்சத்தின் மேல் படுத்துத் தூங்கிவிட்டேன்.

வண்டியின் இரும்பு நாக்கு சாலையைச் சுரண்டுவது
முந்நூறு மைலுக்கு இப்பால் மில்வாக்கியில் கேட்டது.
அவர் பின்னால் இரண்டு கறுப்பு வரிகள் நீளும்.
காலைக்குள் பனி அவற்றைத் தின்றுவிடும்.
அதுவும் ஒரு கணக்குத்தான், யாரும் கேட்காத கணக்கு.

நூலகத்தின் அடித்தளத்தில்
சனிக்கிழமைகளில் இலவசமாக வரிப்படிவம் நிரப்பித் தருகிறார்கள்.
எனக்கு வாய்த்தவன் ஒஸ்வால்டோ,
கணக்கியல் இரண்டாம் ஆண்டு, சட்டைப்பையில் சூரியகாந்தி விதை.
வகுப்புக்குப் போன பணத்துக்கு வரி இல்லை என்றான்.
புத்தகத்துக்கு இல்லை. ஆய்வகக் கண்ணாடிக்கும் இல்லை.
கட்டிலுக்கு உண்டு.
செவ்வாய்க்கிழமைத் தக்காளி சூப்புக்கு உண்டு.
தலைக்குள் போனதை விட்டுவிட்டு
வயிற்றுக்குள் போனதைப் பிடித்துக்கொள்ளும் சட்டம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
அரசாங்கமும் பல்லைப் பார்க்கவில்லை,
அது மேய்ந்த புல்லை எண்ணுகிறது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள்.
கழிவு தரும் பக்கத்தில் இந்தப் பணம்
நான் உழைத்துச் சம்பாதித்தது.
விகிதம் போடும் பக்கத்தில் சும்மா வந்தது.
தாளைத் திருப்புவதற்குள் சோம்பேறியாகிவிட்டது என் பணம்.
பத்தொன்பது வயது. ஓட்டுப் போட்டிருக்கிறேன்.
கோடையில் மீன் தொழிற்சாலையில்
நாலாயிரத்து இருநூறு டாலருக்குச் செதில் உரித்திருக்கிறேன்.
ஆனால் இந்தப் பக்கத்தில் நான் குழந்தை.
என் சூப்புக்கு அப்பாவின் விகிதம்.

ஒஸ்வால்டோ விதை ஒன்றைக் கடித்துவிட்டுச் சொன்னான்:
"உதவித்தொகையில் நாலாயிரத்தைக் கட்டணத்திலிருந்து எடுத்து
சாப்பாட்டில் போட்டுக்கொள்.
உனக்கு வரி நானூற்று எண்பது கூடும்.
அப்பாவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு குறையும்."
"அது பொய்யில்லையா?"
"கடிதத்தைப் படி."
பணம் வந்தது ஒரு பல் மருத்துவரின் உயிலிலிருந்து.
'படிக்கும் காலத்தின் எந்தச் செலவுக்கும்' என்று எழுதியிருந்தார்.
பல்லுக்கு வேலை கொடுப்பதும் செலவுதானே.

அப்படியாக, ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில்
போன வருஷத்துக்கு நான் இன்னும் நாலாயிரம் டாலர் பசித்தவள் ஆனேன்.

அப்பா ஒப்பவில்லை.
"உன் பெயரில் வரி, என் பெயரில் சலுகையா?
பெற்ற பிள்ளையிடம் கைநீட்ட மாட்டேன்."
அம்மா போனைப் பிடுங்கினாள்.
"எய்னோ, கொதிகலன் ஓசையைக் கேட்டாயா?
இருமுகிறது. நீ தடுமாறுவது உன் மானத்துக்காக.
எனக்கு வெந்நீர் வேண்டும்."
பிறகு யாரும் பேசவில்லை.
போனுக்குள் கொதிகலன் நிஜமாகவே இருமியது.

ஏப்ரலில் கட்டினேன்: ஆயிரத்து முப்பத்திரண்டு.
செதில் உரித்த பணத்தில் கால்வாசி.
இரண்டு வாரம் கழித்து ஒரு உறை வந்தது.
கடிதம் இல்லை. அதே தொகைக்குக் காசோலை மட்டும்.
எதற்காக என்று எழுதும் கோட்டில்
அப்பாவின் கோணல் எழுத்தில்: சூப்.

உடனே வங்கிக்குப் போகவில்லை.
வேதியியல் புத்தகத்தில், அமிலங்கள் தொடங்கும் இடத்தில்
அதை வைத்து மூடினேன்.
புத்தகத்துக்கு வரி இல்லை.